மொறுமொறுப்பு அதிகாரி

கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, பிஸ்கட்டின் ஓரத்தை முன்பற்களுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறார். 'டக்' என்று உடைகிறது. உடனே மென்றுவிட மாட்டார். அந்தச் சத்தம் காதுக்குள் போய் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பார். பிறகு துண்டைக் கடைவாய்க்குத் தள்ளி நாலு அரை அரைப்பார், எவர்சில்வர் குவளையில் துப்புவார், வெந்நீரில் வாயை அலசுவார். "இது பேசுது. அடுத்ததைக் கொண்டா" என்பார்.

இவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. பிஸ்கட் ஆலையில் ருசி பார்க்கும் அறை இவருடையது. வேலை ஆர்டரில் இவர் பதவிக்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. சம்பளம் போடுகிறவருக்கே அது வாயில் நுழையாது. ஆலை முழுக்க இவர் மொறு மாமா. நானும் அதே ஆலைதான். முன் ஆபீசில், வாங்கித் தின்றவர்கள் கூப்பிட்டுத் திட்டுவதற்கென்றே வைத்திருக்கும் போனுக்குப் பக்கத்தில் என் நாற்காலி. உள்ளே மாமா பிஸ்கட்டைக் கடிப்பார், வெளியே ஊர் என்னைக் கடிக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தேதியில்தான் சம்பளம்.

மாமாவின் அகராதியில் நல்ல பிஸ்கட், கெட்ட பிஸ்கட் என்று கிடையாது. பேசுகிற பிஸ்கட், முணுமுணுக்கிற பிஸ்கட், கத்துகிற பிஸ்கட் என்றுதான் உண்டு. பொட்டலம் சரியாக ஒட்டாமல் நமத்துப்போனது வந்தால், "இது மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை. வாயையே திறக்கல" என்று தள்ளி வைப்பார். ஒருமுறை சினிமாக் கொட்டகையில் பக்கத்து இருக்கைக்காரர் எதையோ மென்றுகொண்டிருந்தார். மாமாவால் படத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் அவர் பக்கம் குனிந்து, "தப்பா நெனைக்காதீங்க, அது நமத்துப் போச்சு. திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் போய் மாற்றிக்கொண்டு வந்து மாமாவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

தான் சொல்லும் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பது அவர் வழக்கம். பாதி சொல்லும்போதே சிரிப்பு முந்திக்கொள்ளும். மீதியை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். சிரித்தால் மேல்வரிசை, கீழ்வரிசை, உள்நாக்கு எல்லாம் தரிசனம் கொடுக்கும். அக்காவின் கல்யாணப் போட்டோக்கள் எதிலும் மாமாவின் கண் திறந்திருக்காது, வாய் மூடியிருக்காது.

இப்படிக் காலமெல்லாம் பிஸ்கட்டைக் கடித்துத் துப்பியவருக்குத்தான் சர்க்கரை வியாதி வந்தது. முழுங்கினால் அடுத்த பிஸ்கட்டைப் பற்றி நாக்கு பொய் சொல்லும் என்பதால் இந்தத் தொழிலில் துப்புவதுதான் சட்டம். "பாத்தியாம்மா அநியாயத்தை? துப்பினவனுக்கு சுகர். முழுங்கின மேனேஜர் குத்துக்கல்லாட்டம் இருக்காரு" என்று ரிசல்ட் வந்த அன்றே ஆலை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். மேனேஜரிடமும் போய்ச் சொன்னார்.

சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் பயந்துவிட்டார். "காலையும் கண்ணையும் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சர்க்கரை டாக்டர் சொன்னது மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் கால்களுக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, அப்பப்பா! முழங்கையை விட்டுச் சூடு பார்த்த தண்ணீர். ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றியெடுக்க ஒரு மெல்லிய துணி. உள்ளங்காலைப் பார்ப்பதற்கென்று கைக்கண்ணாடி. "என் மூஞ்சிய அந்த மனுஷன் இந்த மாதிரி ஒரு நாள் பாத்ததில்லடி" என்று அக்கா நொடித்துக்கொள்வாள். கண்ணுக்கும் குறை வைக்கவில்லை. வருஷம் தவறாமல் காட்டிவிட்டு வந்தார்.

வாய்க்குத்தான் நாதியில்லை. பல் தேய்ப்பது அவருக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மாதிரி, ஒரே இழுப்பு. ஈறில் ரத்தம் வந்தபோது, பிரஷ் புதுசு, அதனால்தான் என்றார். பிறகும் வந்தது. பிரஷ் பழசாகிவிட்டது, அதனால்தான் என்றார்.

அப்புறம் ஒரு கட்டத்தில் அந்தச் சிரிப்பு காணாமல் போனது. ஜோக்குகள் நின்றன. எதைக் கேட்டாலும் "ம்". ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். கன்னத்தில் எந்நேரமும் ஒரு கிராம்பு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து, எதைப் போட்டாலும் கரண்டியால் மசித்து மசித்து உள்ளே தள்ளினார். வாய் எரிகிறது, காரம் வேண்டாம் என்றார். நாக்கு வறண்டு ஒட்டுகிறது என்று தண்ணீர்ப் பாட்டிலோடு அலைந்தார்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "உன் மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடி. பேசறதில்ல, சிரிக்கிறதில்ல. படுத்தா செவுத்தைப் பாத்துத்தான் படுக்கறாரு. செவுத்துல அப்படி என்ன இருக்கு?"

"பல்லி இருக்கும்" என்றேன்.

"விளையாடாதடி. ஒருவேளை மனசுல வேற யாராவது..."

மாமாவின் மனசில் வேறு யாராவதா! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அக்கா அழுதுகொண்டிருக்கிறாள். "என்கிட்ட வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாருடி" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலையில் மாமாவுக்குச் சமமான இன்னொரு பெரிய மனிதர் உண்டு, அடுப்பு மாஸ்டர். தட்டுகளை உள்ளே அனுப்பிவிட்டு, எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று வாசனையை வைத்தே சொல்கிறவர். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்; சேர்ந்த நாளிலிருந்து சண்டை. "நீ சுடலன்னா நான் எதைய்யா கடிக்கிறது?" என்று மாமா என்றைக்காவது இறங்கி வந்தால், "நீ கடிக்கலன்னாலும் நான் சுடுவேன்யா" என்பார் மாஸ்டர். சண்டை போடுவதற்கு வசதியாக மதியச் சாப்பாட்டை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பெஞ்சையும் மாமா விட்டுவிட்டார்.

சிரிப்பு போன அதே சமயத்தில் மாமாவின் அகராதியில் புது வார்த்தைகள் நுழைந்தன. "இது அடிக்க வருது." "இது பாறை." மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே சூட்டைக் குறைத்தார். "இன்னும் கத்துது" என்றார் மாமா. மாஸ்டர் தட்டைச் சீக்கிரமாக வெளியே எடுத்தார். "கொஞ்சம் பரவாயில்ல. இன்னும் கொஞ்சம்" என்றார் மாமா. ருசி அறை சொன்னால் அடுப்பறை கேட்க வேண்டும் என்பது ஆலை விதி. அடுப்பறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது. இப்படியே மாதக்கணக்கில், யாரும் கவனிக்காமல், எங்கள் பிஸ்கட் தளர்ந்துகொண்டே வந்தது.

யாரும் கவனிக்காமல் என்றா சொன்னேன்? ஊர் கவனித்தது. என் போன் ஓயாமல் அடித்தது.

"ஏம்மா, உங்க பிஸ்கட்ட டீயில முக்கினா உள்ள போறது தெரியுது, வெளிய வர்றது தெரியல" என்றார் ஒருவர். "இது பிஸ்கட்டா, கேக்கா? நீங்க முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள் ஒரு பெண். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், டம்ளரின் அடியைக் கரண்டியால் சுரண்டி, அந்தச் சத்தத்தை எனக்குப் போனிலேயே போட்டுக் காட்டினார். "கேக்குதா? இதுதான் உங்க பிஸ்கட். இப்பத்தான் போட்டேன்." நான் எல்லோரிடமும் வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பால்காரரிடமும் அதையே சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

ஒரே ஒருவர் மட்டும் வாழ்த்தினார். வயதான குரல். "நல்லா இருங்கம்மா. என் வாயில ஒரு பல்லு கிடையாது. இத்தனை நாளா உங்க பிஸ்கட்ட ஊறவெச்சு ஊறவெச்சுத் தின்னேன். இப்ப வாயில போட்டா அப்படியே கரையுது. பல்லில்லாதவன் கஷ்டம் தெரிஞ்ச மகராசன் யாரோ உங்க ஆலையில இருக்காரு. அவரை நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"கண்டிப்பாச் சொல்றேங்க" என்று சிரித்தபடி போனை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பல்லில்லாதவன் கஷ்டம் தெரிந்தவர். கரண்டியால் மசித்துச் சாப்பிடுகிறவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவர். எனக்குப் பொறி தட்டியது.

மதியம் ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு ருசி அறைக்குப் போனேன். "இந்தாங்க மாமா. கடிங்க."

வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிராயரிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, தாள் மாதிரி மெல்லிசாகச் சீவ ஆரம்பித்தார்.

"கடிக்கச் சொன்னேன். சீவச் சொல்லல."

"டாக்டர் சொன்னாரும்மா."

"எந்த டாக்டர்? தச்சு வேலை பாக்கிற டாக்டரா?"

சீவிய துண்டை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறங்க மாமா."

"மச்சினிக்கு வாயைத் திறந்து காட்டணும்னு எந்த ஊர்ச் சட்டம்?"

"இந்த ஊர்ச் சட்டம்தான். திறங்க."

திறந்தார். மேல்வரிசை முன்பல் ஒன்று, நாக்கு பட்டாலே முன்னும் பின்னும் ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆடுவதற்குத் தயாராக இருந்தது. ஈறுகள் சிவந்து, வீங்கி, பற்களை விட்டு விலகியிருந்தன. கிராம்பையும் மீறி ஒரு நாற்றம் வந்தது. முகத்தைச் சுளிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா பக்கம் திரும்பாததும் இதுக்குத்தாம்மா" என்றார்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"சுகர் டாக்டர் காலைக் காட்டச் சொன்னாரு, காட்டினேன். கண்ணைக் காட்டச் சொன்னாரு, காட்டினேன். வாயைக் காட்டுன்னு அவரு சொல்லவே இல்லையே. பல்லுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? வயசானா ஆடத்தான் செய்யும்."

"அப்போ பிஸ்கட்டெல்லாம் பாறைன்னு சொன்னீங்களே?"

"எனக்குப் பாறையாத்தாம்மா இருந்துச்சு" என்றார் பரிதாபமாக. பொய் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இங்கே ஆடத் தெரிந்த பல்லே கூடத்தைக் கோணல் என்றிருக்கிறது. ஒரு மனிதரின் ஈறுக்குத் தகுந்தபடி ஓர் ஆலையே அடுப்பைத் தணித்து, ஊர் முழுக்கக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறது! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மாமா சிரிக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத. கடிக்கிறதைத் தவிர எனக்கு ஒரு எழவும் தெரியாது. இந்த மேஜையை விட்டு எழுப்பிட்டாங்கன்னா நான் எங்கம்மா போய் உக்காருவேன்?"

இந்த வாரமே பல் டாக்டரிடம் போவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். மேனேஜர் அந்த வாரம் முடியும்வரை காத்திருக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ருசி அறைக்கு வந்துவிட்டார், அடுப்பு மாஸ்டரையும் என்னையும் அழைத்துக்கொண்டு. புகார்களை என் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார். மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, மூக்கு மழுங்கிவிட்டது, பச்சை மாவுக்கும் வெந்த மாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இனி அவர் லாரியில் பெட்டி ஏற்றுகிற பக்கம் போகட்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண் முன்னால் நடந்தது. மாமா மேஜையைப் பார்த்தபடி நின்றார்.

மாஸ்டர் சத்தம் போடவில்லை. துணியால் மூடிய ஒரு தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இது இன்னிக்குப் பழைய சூட்டுல, பழைய பக்குவத்துல சுட்டது. யார் பேச்சையும் கேக்காம என் மூக்கு பேச்சை மட்டும் கேட்டேன். இந்தாள் கடிச்சுச் சொல்லட்டும் சார். பாறைன்னு சொன்னா நான் லாரிக்கே போறேன்."

பேக்கிங் பகுதிப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மாமா ஒரு பிஸ்கட்டை எடுத்தார். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். பாறை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேஜை அவருக்கே. கடித்தார்.

'டக்' என்று கணீரென்று கேட்டது. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. அதோடு சேர்ந்து ஒரு சின்னச் சத்தமும் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும். மாமாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. உதட்டை இறுக மூடிக்கொண்டார். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"என்ன, பாறையா?" என்றார் மேனேஜர். தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

மாமா குவளையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் துப்பினார். பிஸ்கட் துண்டு, ரத்தம், நடுவில் ஒரு பல். அந்தப் பல்லை எடுத்து மாஸ்டரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிஸ்கட் அருமையாப் பேசுது ஷார்" என்றார். முன்பல் போன ஓட்டை வழியாகக் காற்று வந்தது. "குத்தவாளி இவன்தான். ரொம்ப நாளா இவன்தான் தீர்ப்பு சொல்லிட்டிருந்தான்."

மேனேஜர் பின்வாங்கி நாற்காலியில் முட்டிக்கொண்டார். மாஸ்டர் பல்லைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "யோவ், இதை வெச்சுக்கிட்டாய்யா என் பிஸ்கட்டைத் திட்டின?"

"ஆமாய்யா."

"வலிச்சுதாய்யா?"

"ரொம்ப."

மாஸ்டர் தட்டை மூடியிருந்த துணியைச் சுருட்டி மாமாவின் வாயில் வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற பெண்களுக்குத் தொற்றிக்கொண்டது. வாயில் துணியோடு மாமாவும் குலுங்கினார். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கு மாமாவை அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை.

பல் டாக்டரிடம் நானே இழுத்துக்கொண்டு போனேன். இளம் பெண். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, உள்ளே பார்த்தவர் நிமிர்ந்தார். "சுகர் இருக்கா?"

"அது வேற டாக்டர் பாக்குறாரு."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா அது கால்லதான் இருக்கு" என்றார் மாமா.

முகமூடிக்குள் டாக்டர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "சுகர் கூடினா எச்சில் வத்தும், ஈறுல கிருமி குடியேறும், பல்லைப் பிடிச்சிட்டிருக்கிற எலும்பு கரையும். அந்த ஈறு புண்ணாவே கெடந்தா, சுகரும் சீக்கிரத்துல கட்டுக்குள்ள வராது. ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்தாசை சார்."

மாமா சாய்ந்த நாற்காலியிலிருந்தே தலையைத் தூக்கினார். "பல்லுக்கும் சுகருக்கும் சம்பந்தமே இல்லன்னு இருந்தேனே. கடைசில ரெண்டும் சம்பந்தியாவே ஆயிடுச்சுங்களா!"

ஆடிய இன்னொரு பல்லையும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். மற்றதைக் காப்பாற்றலாம், ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய வேண்டும், பல தடவை வர வேண்டும், சர்க்கரை டாக்டரிடமும் சொல்ல வேண்டும். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடிக்க முடியுமாம்மா?"

"ஈறு இறுகட்டும். அப்பத்தான் சொல்ல முடியும்."

ஆலையில் மேனேஜரும் அதையேதான் சொன்னார். பல் டாக்டர் சரி என்று சொல்லும்வரை மாமா காலித் தகர டப்பாக் கிடங்கில் இருக்கட்டும். சரி என்று சொல்லாவிட்டால் அங்கேயே இருக்கட்டும். "அங்க கடிக்க ஒண்ணுமில்ல, நிம்மதியா இருக்கலாம்" என்று ஆறுதல் வேறு. மாமா டப்பாக்களை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீட்டில் கைக்கண்ணாடிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. காலைப் பார்த்து முடித்ததும் கழுவிவிட்டு வாய்க்கு. மெத்தென்ற பிரஷ், பல்லிடுக்குக்கு ஒரு குட்டி பிரஷ், நாக்கு வழிக்க ஒன்று. குளியலறையை மாமா எடுத்துக்கொண்டதால், அக்கா சமையலறைக் குழாயில் முகம் கழுவினாள். சர்க்கரை டாக்டரிடம் போனபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிட்டார். "நீங்க கேக்கல. இருந்தாலும் பாத்துடுங்க." டாக்டர் பார்த்தார், தானும் கேட்டிருக்க வேண்டும் என்றார், மாத்திரையையும் சாப்பாட்டையும் மாற்றிக் கொடுத்தார். சில மாதங்களில் ரத்தம் வருவது நின்றது. வாய் எரிச்சல் குறைந்தது. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது. அந்தக் கொஞ்சத்துக்கே மாமா தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தாள். "உன் மாமா நேத்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாருடி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? போனை வைடி!"

இந்தச் சமயத்தில் அடுப்பறையில் மாஸ்டர் ராஜா. தானே சுட்டு, தானே கடித்து, தானே சபாஷ் போட்டுக்கொண்டார். அவர் பல் இரும்பு. போதாக்குறைக்கு அத்தனை மாதம் அடக்கி வைத்த ஆத்திரம் வேறு. போன் மறுபடி அடித்தது. "பிஸ்கட் கேட்டா கூரை ஓட்டை உடைச்சு அனுப்பியிருக்கீங்க." "என் பையன் இதை வெச்சு ஆணி அடிக்கிறாம்மா." தலைமையாசிரியை இந்த முறை பிஸ்கட்டை மேஜையில் தட்டிக் காட்டினார். வாழ்த்தின பெரியவரும் கூப்பிட்டார்.

"அந்த மகராசன் வேலைய விட்டுட்டாராம்மா?"

"இல்லைங்க. உடம்பு சரியில்ல."

"என்ன உடம்புக்கு?"

"பல்லு போயிடுச்சுங்க."

"ஐயோ பாவம். என்கிட்ட அனுப்பிவைம்மா. ஊறவெச்சுத் திங்கிறது எப்படின்னு நான் சொல்லித் தரேன்."

பல் டாக்டர் சரி என்று சொன்ன அன்றே மாமா ஆலைக்கு வந்தார். முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். முன்னால் இரண்டு பல் இல்லை. கட்டிக்கொள்ளலாம், அவசரமில்லை என்று சொல்லியிருந்தார்கள். மேனேஜர் வந்து நின்றார். மாஸ்டர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வாசலில் வழக்கம்போல் கூட்டம்.

"முன்னாடி கடிச்சாத்தாம்மா சத்தம் நேரா காதுக்குப் போகும். ஓரத்துல கடிச்சா எப்படி வருமோ தெரியல" என்று என் காதில் சொன்னார். பிஸ்கட்டை எடுத்தவர் தட்டில் திரும்ப வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். டப்பாக் கிடங்கை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

பிஸ்கட்டைப் பக்கவாட்டில் நுழைத்து, கண்ணை மூடிக் கடித்தார். உடைந்தது. அசையாமல் நின்றார். நாக்கு உள்ளே ஒவ்வொரு பல்லாகப் போய் விசாரிப்பது கன்னத்தில் தெரிந்தது. துப்பினார், குவளையைச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் இல்லை. எல்லாப் பல்லும் அதனதன் இடத்தில் இருந்தன.

"கத்துது" என்றார். "ஆனா எனக்கு வலிக்கல. நெசமாவே கத்துது."

வாசலில் கைதட்டினார்கள். மாஸ்டரின் முகம் சிவந்தது. "அப்போ சூட்டைக் குறைக்கச் சொல்லிடலாமா?" என்று மேனேஜர் திரும்பினார்.

"இருங்க ஷார். இனிமே நான் ஒருத்தனாத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்" என்றார் மாமா. தட்டிலிருந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தார். பெரிய பாதியை மாஸ்டரிடம் நீட்டினார். சின்னதைத் தன் கடைவாயில் வைத்துக்கொண்டு, முன்னாலிருந்த ஓட்டை அத்தனை பேருக்கும் தெரிய வாயை ஆவென்று திறந்தபடி, மாஸ்டர் முதலில் கடிக்கட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.